பெயரில் வாழும் ஊர்கள்

சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் வரைபடத்தை நாள்தோறும் எத்தனையோ பயணிகள் பார்க்கின்றனர். டோபி காட், பொத்தோங் பாசிர், தோ பாயோ, ஈசூன் என்று அதில் பெயர்கள் வரிசையாக உள்ளன. எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதை அறிந்துகொள்ளவே பெரும்பாலோர் அவற்றைக் கவனிக்கின்றனர். ஆனால், அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பழைய ஊரின் வரலாறு அடங்கியிருக்கிறது.

'டோபி' என்றால் துணி வெளுப்பவர். 'காட்' என்றால் நீர்நிலையின் படித்துறை. பிராஸ் பசா பகுதியில் ஒரு காலத்தில் ஓடை ஒன்று ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அதில் துணி துவைத்து, அருகிலிருந்த புல்வெளியில் உலர்த்தினர். இன்று அங்கே துணி உலரும் புல்வெளி இல்லை, படித்துறையும் இல்லை. மூன்று ரயில் பாதைகள் சந்திக்கும் பெரிய நிலையம் இருக்கிறது. ஆனாலும், அந்தத் தொழிலாளர்களின் நினைவு பெயரில் தங்கிவிட்டது.

பொத்தோங் பாசிர் என்பது மலாய்ப் பெயர். 'பொத்தோங்' என்றால் வெட்டு. 'பாசிர்' என்றால் மணல். அங்கே முன்பு மணல் தோண்டி எடுக்கப்பட்டதை அப்பெயர் தெரிவிக்கிறது. தோ பாயோ என்ற பெயரில் இரண்டு மொழிகள் கலந்துள்ளன. 'தோ' என்பது ஹொக்கியன் மொழியில் 'பெரிய' என்று பொருள்படும். 'பாயோ' என்பது சதுப்பு நிலத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய சதுப்பு நிலமாகக் கிடந்த இடத்தில்தான் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

ஊர்ப்பெயர் வரலாற்றைச் சுமந்துவருவது உலகெங்கும் காணப்படும் வழக்கம். தமிழ்நாட்டில் 'பட்டினம்' என்று முடியும் ஊர்கள் பெரும்பாலும் கடற்கரையில் இருக்கும். நாகப்பட்டினமும் காவிரிப்பூம்பட்டினமும் இதற்கு எடுத்துக்காட்டுகள். வணிகமும் சந்தையும் நடந்த இடங்கள் பலவற்றின் பெயர்கள் 'பேட்டை' என்று முடிகின்றன. இங்கிலாந்தில் மான்செஸ்டர், வின்செஸ்டர் போன்ற ஊர்களின் பெயர்களில் வரும் 'செஸ்டர்' என்ற பகுதி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டை ஆளத் தொடங்கிய ரோமானியர்களின் கோட்டையைக் குறிக்கும். கோட்டை இடிந்த பின்னும் பெயர் நிற்கிறது.

பழைய ஊர் ஒன்று மூன்று வகைகளில் நிலைத்திருக்கலாம். அதன் பெயர் நிலைத்திருக்கலாம்; கட்டடங்கள் நிலைத்திருக்கலாம்; மக்களின் வாழ்க்கைமுறை நிலைத்திருக்கலாம். மூன்றும் ஒருசேர நிலைப்பது அரிது. சிங்கப்பூரின் பழைய நகர்ப்பகுதிகளையும் கம்பங்களையும் பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

ஆற்றங்கரையில் தொடங்கிய நகரம்

1819ஆம் ஆண்டில் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வணிகத்தளம் அமைத்தார். அதே ஆண்டில் பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. புதிய ஊரில் வீடு கட்டுவோருக்குச் செங்கல் தேவைப்படும் என்பதை உணர்ந்து அவர் செங்கற்சூளை அமைத்தார். சிங்கப்பூரின் முதல் கட்டட ஒப்பந்தக்காரர் என்று அவர் அறியப்படுகிறார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஒரு கோயில் எழுந்ததற்கு அவரே காரணம். அதுவே இன்றைய ஸ்ரீ மாரியம்மன் கோயில்.

1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புத் திட்டம் ஒன்றை வகுத்தார். லெப்டினென்ட் ஃபிலிப் ஜாக்சன் அதற்கேற்ப வரைபடம் தயாரித்தார். ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர், அரபியர், பூகிஸ் மக்கள், இந்தியர் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகள் அதில் ஒதுக்கப்பட்டன. சிங்கப்பூர் ஆற்றின் கரையில் 'சூலியா கம்பம்' என்ற பகுதி குறிக்கப்பட்டது. தென்னிந்தியாவின் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் அக்காலத்தில் 'சூலியா' என்று அழைக்கப்பட்டனர். அந்தக் கம்பம் இன்று இல்லை. வங்கிகளின் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே 'சூலியா ஸ்திரீட்' என்ற பெயர் மட்டும் இருக்கிறது.

வரைபடத்தில் போடப்பட்ட கோடுகளுக்குள் மக்கள் அடங்கிவிடவில்லை. சீனர்கள் அடர்த்தியாக வாழ்ந்த பகுதியிலேயே மாரியம்மன் கோயில் நிலைத்தது. அதற்கு அருகில், 1826இல் தமிழ் முஸ்லிம்கள் ஏற்படுத்திய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சைனாடவுனில் உள்ள பகோடா ஸ்திரீட்டைச் சீனக் கோயில் ஒன்றின் பெயரால் அமைந்த தெரு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், மாரியம்மன் கோயிலின் கோபுரத்தைத்தான் ஆங்கிலேயர்கள் 'பகோடா' என்று குறிப்பிட்டனர். கோயிலின் மறுபக்கத்தில் இருக்கும் தெரு டெம்பிள் ஸ்திரீட். பள்ளிவாசலை ஒட்டிய தெரு மாஸ்க் ஸ்திரீட். ஒரு சிறிய வட்டாரத்தில் மூன்று தெருக்கள் இந்திய வழிபாட்டிடங்களால் பெயர் பெற்றுள்ளன.

தெலுக் ஆயர் ஸ்திரீட்டின் வரலாறும் இத்தகையது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தெருவுக்கு முன்னால் கடல் இருந்தது. கப்பலிலிருந்து இறங்கிய சீனர்கள் தியான் ஹோக் கெங் கோயிலில் நன்றி செலுத்தினர். தமிழ் முஸ்லிம்கள் 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்காவைக் கட்டினர். பிற்காலத்தில் கடல் தூர்க்கப்பட்டு நிலமாக்கப்பட்டதால் கரை விலகிப் போயிற்று. கடலைக் கடந்து வந்தவர்கள் எழுப்பிய வழிபாட்டிடங்களின் முன்னால் இன்று கார்கள் ஓடுகின்றன.

சுண்ணாம்புக் கம்பம்

லிட்டில் இந்தியா என்ற பெயர் பழமையானதன்று. சுற்றுலாத் துறை வளர்ந்த 1980களில்தான் அது பரவலாயிற்று. அதற்கு முன்பு மக்கள் அப்பகுதியைச் சிராங்கூன் சாலை என்றும் தேக்கா என்றும் அழைத்தனர். அதற்கும் முற்பட்ட தமிழர்கள் அதை வேறொரு பெயரால் அறிந்திருந்தனர். அது 'சுண்ணாம்புக் கம்பம்'.

வளர்ந்துவந்த நகரத்திற்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் ஏராளமாகத் தேவைப்பட்டன. ஆகவே, சிராங்கூன் சாலைப் பகுதியில் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் எழுந்தன. அவற்றில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலை செய்தனர். காலையிலிருந்து மாலைவரை நெருப்பின் அருகில் நின்று உழைத்த அவர்கள், தங்களுக்குத் துணையாகக் காளியம்மனை வைத்து வழிபட்டனர். அந்த வழிபாட்டிடமே இன்று வீரமாகாளியம்மன் கோயிலாக விளங்குகிறது. பழைய தலைமுறையினர் அதைச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்றே அழைத்தனர்.

அக்காலச் சிங்கப்பூரைக் கட்டியெழுப்பியவர்களுள் இந்தியக் கைதிகளும் அடங்குவர். 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் சாலைகளை அமைத்தனர். பெரிய கட்டடங்களையும் எழுப்பினர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்களுடைய உழைப்பில் உருவானது. அதன் சுவர்களில் 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்ற பூச்சு பூசப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை ஆகியவற்றைக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைச் சேர்த்து அதைத் தயாரித்தனர். சென்னையில் வழங்கிய கட்டடக்கலை நுட்பம் கடல் கடந்து வந்ததற்கு அது சான்று.

மாடுகள் கொடுத்த பெயர்கள்

சூளைகளுக்குப் பிறகு அப்பகுதியை வளர்த்தவை மாடுகள். ரோச்சோர் ஆற்றுநீரும் சதுப்பு நிலத்தில் வளர்ந்த புல்லும் மாடு வளர்ப்பதற்கு ஏற்றவையாக இருந்தன. பாலுக்கும் இறைச்சிக்கும் வண்டி இழுப்பதற்கும் மாடுகள் தேவைப்பட்டன. இந்திய வணிகர்களும் தொழிலாளர்களும் அத்தொழிலில் திரளாக ஈடுபட்டனர். கல்கத்தாவிலிருந்து வந்த ஐ. ஆர். பெலிலியோஸ் என்ற மாட்டு வணிகர் அங்கே பெரும் செல்வராக உயர்ந்தார். பெலிலியோஸ் சாலை அவருடைய பெயரால் அமைந்ததே.

தேக்காச் சந்தையின் அருகே இரண்டு சிறிய சாலைகள் உள்ளன. ஒன்று பஃபலோ சாலை. மற்றொன்று கெர்பாவ் சாலை. 'பஃபலோ' என்பது எருமையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 'கெர்பாவ்' என்பதும் எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே. ஒரே விலங்கின் பெயரை இரண்டு சாலைகள் இரண்டு மொழிகளில் தாங்கியுள்ளன. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைக் கொட்டில் என்று பொருள். சிங்கப்பூரர்கள் நன்கறிந்த கேகே மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் அதிலிருந்து வந்தவையே. 1966ஆம் ஆண்டில் மட்டும் அந்த மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் ஓராண்டில் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் அது உலகச் சாதனையாகக் குறிக்கப்பட்டது. தாங்கள் எருமைக் கொட்டிலின் பெயர் கொண்ட மருத்துவமனையில் பிறந்தவர்கள் என்பது சிங்கப்பூரர் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயருக்கும் காரணம் உண்டு. 1842இல் அங்கே குதிரைப் பந்தயத்திடல் அமைக்கப்பட்டது. பந்தயம் பார்க்கவும் வசிக்கவும் ஐரோப்பியர்கள் அப்பகுதிக்கு வந்தனர். டன்லப், டிக்சன், கேம்பல் போன்ற தெருப்பெயர்கள் அந்தக் காலத்தை நினைவூட்டுகின்றன. வெளிநாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்துவந்த முதல் விமானம் தரையிறங்கியதும் இந்தப் பந்தயத்திடலில்தான். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித், 1919 டிசம்பர் 4ஆம் நாளன்று இங்கு இறங்கினார். 1933இல் பந்தயத்திடல் புக்கித் தீமாவுக்கு மாறியது. சதுப்பு நிலமும் வடிக்கப்பட்டது. மாட்டுத் தொழிலும் மெல்ல மறைந்தது. ஆனால், தொழில் தேடி வந்த மக்கள் அங்கேயே தங்கினர். அவர்களுக்குத் தேவையான மளிகைக் கடைகள், பூக்கடைகள், நகைக்கடைகள், உணவுக்கடைகள் ஆகியவை பெருகின.

அஞ்சடியும் கடைவீடும்

அந்தக் கடைகள் பெரும்பாலும் கடைவீடுகளில் நடந்தன. கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் வீடு. இதுவே கடைவீட்டின் அமைப்பு. ஒன்றையொன்று ஒட்டிய இந்தக் கட்டடங்களின் முன்புறம் மட்டும் அகலம் குறைந்திருக்கும். உள்ளே போகப்போக நீளமாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் வருவதற்காக நடுவில் திறந்த முற்றம் இருக்கும்.

ஒவ்வொரு கடைவீட்டின் முன்பும் கூரையுடன் கூடிய நடைபாதை இருக்க வேண்டும் என்றும், அது தெரு நெடுகத் தடையின்றித் தொடர வேண்டும் என்றும் ராஃபிள்ஸ் 1822இல் விதித்தார். அதன் அகலம் ஏறத்தாழ ஐந்து அடி என்பதால், தமிழர்கள் அதை 'அஞ்சடி' என்று அழைத்தனர். வெயிலிலும் மழையிலும் மக்கள் நனையாமல், வாடாமல் நடப்பதற்காகவே அது அமைக்கப்பட்டது. ஆனால், காலப்போக்கில் அங்கே பூக்கட்டுபவர், வெற்றிலை விற்பவர், முடிதிருத்துபவர், கிளி சோதிடர் எனப் பலரும் தொழில் நடத்தினர். இலட்சியம் நடைபாதையாக இருந்தாலும், வாழ்க்கை அதைச் சந்தையாக மாற்றிவிட்டது.

இப்பகுதியில் இந்தியர்கள் மட்டும் வாழவில்லை. கெர்பாவ் சாலையில் பல வண்ணங்களுடன் காட்சி தரும் பழைய மாளிகை ஒன்று உள்ளது. அது 1900ஆம் ஆண்டில் டான் தெங் நியா என்ற சீன வணிகருக்காகக் கட்டப்பட்டது. மிட்டாய்த் தொழில் நடத்தியவர் அவர். லிட்டில் இந்தியாவில் எஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை அதுவே. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. அதன் முகப்பில் சூரியக் கதிர்கள்போல் விரிந்த 25 கதிர்களில், 25 நபிமார்களின் பெயர்கள் அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. ரேஸ் கோர்ஸ் சாலையில் புத்தர் கோயில்களும் தேவாலயமும் உள்ளன. சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தைப்பூசக் காவடிகள் புறப்பட்டு, டேங்க் சாலை தெண்டாயுதபாணி கோயிலைச் சென்றடைகின்றன.

திரும்பி வந்த பெயர்

பெயர்கள் தாமாகவே நிலைத்துவிடுவதில்லை. மக்கள் அவற்றைப் பயன்படுத்துவதால்தான் நிலைக்கின்றன. தேக்கா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

'தேக்கா' என்பது ஹொக்கியன் மொழிச் சொல். சிறு மூங்கில்களின் அடிப்பகுதி என்று அதற்குப் பொருள். ரோச்சோர் ஆற்றங்கரையில் ஒரு காலத்தில் மூங்கில்கள் வளர்ந்திருந்தன. சீனர்கள் வைத்த அப்பெயரைத் தமிழர்களும் மலாய்க்காரர்களும் தங்கள் சொல்லாகவே ஏற்றுக்கொண்டனர். தேக்காவுக்குப் போனால் மீன், ஆட்டிறைச்சி, முருங்கைக்காய், வாழையிலை, சேலை எல்லாம் வாங்கலாம் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பழைய சந்தைக்குப் பதிலாக 1982இல் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அக்காலத்தில் மாண்டரின் மொழியைப் பரப்பும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆகவே, 'தேக்கா' என்பதை எழுதும் அதே சீன எழுத்துகளை மாண்டரின் முறையில் ஒலித்து, கட்டடத்திற்கு 'ஜூஜியாவ் நிலையம்' என்று பெயரிட்டனர். பொருள் மாறவில்லை, ஒலிப்பு மட்டும் மாறியது. ஆனால், அந்தப் பெயர் மக்களின் நாவில் பதியவில்லை. பெயர்ப்பலகை ஒன்றைச் சொல்ல, சந்தைக்கு வந்தவர்கள் வேறொன்றைச் சொன்னார்கள். இறுதியில் 2000ஆம் ஆண்டில் அந்த இடம் அதிகாரபூர்வமாகத் 'தேக்கா நிலையம்' ஆயிற்று. தங்கள் அன்றாடப் பேச்சின் மூலமாகவே மக்கள் அந்தப் பெயரை மீட்டனர்.

சுண்ணாம்புக் கம்பத்திற்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. சூளைகள் போயின, அந்தப் பெயரைச் சொன்னவர்களும் குறைந்தனர். அதனால் எந்தப் பெயர்ப்பலகையிலும் அது இடம்பெறவில்லை.

கம்போங் கிளாமும் கிரேத்தா ஆயரும்

பிற சமூகங்களின் பழைய பகுதிகளிலும் இத்தகைய வரலாறு உண்டு. கம்போங் கிளாம், 'கெலாம்' என்னும் மரத்தால் பெயர் பெற்றது. அதன் பட்டையைக் கொண்டு படகுகளின் இடுக்குகளை அடைத்தனர். அங்கேதான் சுல்தான் ஹுசைன் ஷாவின் அரண்மனை அமைந்தது. இன்றைய சுல்தான் பள்ளிவாசல் 1932இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் பொன்னிறக் கும்மட்டத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கரிய வளையம் ஒன்று தெரியும். அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது. பணம் தர இயலாத ஏழைகள் அந்தப் புட்டிகளை நன்கொடையாகத் தந்தனர். செல்வர்களின் பங்களிப்போடு ஏழைகளின் பங்களிப்பும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற எண்ணம் அதில் வெளிப்படுகிறது.

சைனாடவுனுக்கு மலாய் மொழியில் 'கிரேத்தா ஆயர்' என்று பெயர். தண்ணீர் வண்டி என்பது அதன் பொருள். குழாய்நீர் இல்லாத காலத்தில் ஆன் சியாங் குன்றின் கிணற்றுநீரை மாட்டுவண்டிகள் அங்கே கொண்டுவந்தன. சீன மொழியிலும் அவ்விடம் 'மாட்டுவண்டி நீர்' என்ற பொருளிலேயே அழைக்கப்படுகிறது. சிராங்கூன் சாலையில் மட்டுமன்றி, சைனாடவுனின் பெயரிலும் மாடு இடம்பெற்றிருக்கிறது.

மறைந்த கம்பங்கள்

நகரத்திற்கு வெளியே நூற்றுக்கணக்கான கம்பங்கள் இருந்தன. அத்தாப்பு அல்லது துத்தநாகத் தகட்டுக் கூரை வேய்ந்த வீடுகள், பொதுக்கிணறு, கோழிகள், பழமரங்கள் ஆகியவை கம்பத்தின் அடையாளங்கள். ஒரு வீட்டில் திருமணம் என்றால் கம்பமே திரண்டு வேலை செய்யும். அந்தக் கூட்டுழைப்பை மலாய் மொழியில் 'கோத்தோங் ரோயோங்' என்பர்.

ஆனால், கம்ப வாழ்க்கையில் இனிமை மட்டும் இருக்கவில்லை. பலத்த மழை பெய்தால் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கழிப்பிட வசதி போதவில்லை. நெருப்புப் பிடித்தால் ஓலைக்கூரைகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. 1961 மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பெருந்தீ மூண்டது. நால்வர் உயிரிழந்தனர், ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. ஓராண்டு முடிவதற்குள் எரிந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள் எழத் தொடங்கின. அடுத்த முப்பது ஆண்டுகளில் கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மக்களுக்குக் குழாய்நீரும் மின்சாரமும் பாதுகாப்பான வீடும் கிடைத்தன. ஒரே கிணற்றடியில் தண்ணீர் இறைத்த அண்டைவீட்டார் வெவ்வேறு வட்டாரங்களுக்குப் பிரிந்து சென்றனர்.

சில கம்பங்கள் புதிய நகரங்களுக்குத் தம் பெயரைக் கொடுத்தன. அன்னாசியாலும் ரப்பராலும் செல்வம் ஈட்டிய லிம் நீ சூனின் பெயரால் 'நீ சூன்' கிராமம் வழங்கியது. அப்பெயரின் மாண்டரின் ஒலிப்பே 'ஈசூன்' என்ற நகரின் பெயராயிற்று.

தஞ்சோங் பகாரில் வாழ்ந்த தமிழர்களின் நிலையும் கருதத்தக்கது. தமிழ்நாட்டின் கடையநல்லூரிலிருந்து வந்த முஸ்லிம்கள் பலர் அங்கே குடியிருந்தனர். தங்கள் பிள்ளைகள் தமிழ் கற்க வேண்டும் என்பதற்காக 1946இல் அவர்கள் ஒரு பள்ளியைத் தொடங்கினர். சீறாப்புராணத்தை இயற்றிய உமறுப்புலவரின் பெயரை அதற்கு வைத்தனர். மக்கள் வேறு இடங்களுக்குக் குடிபெயர்ந்தனர்; தமிழ்ப்பள்ளிகளில் சேர்வோர் எண்ணிக்கையும் குறைந்தது. 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. எனினும், உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்தில் அப்பெயர் தொடர்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் கற்க வாய்ப்பில்லாத மாணவர்கள் இன்றும் அங்கே வந்து தமிழ் படிக்கின்றனர். கட்டடம் போனாலும், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த நோக்கம் வேறோர் இடத்தில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூர்த் தீவின் நிலப்பகுதியில் எஞ்சியுள்ள ஒரே கம்பம் கம்போங் லோரோங் புவாங்கோக். ஏறத்தாழ 26 வீடுகள் அங்கே உள்ளன. எதிர்காலத் திட்டத்தின்படி அந்த நிலம் சாலைக்கும் பள்ளிக்கும் தேவைப்படும். அதற்கு இன்னும் பல பத்தாண்டுகள் ஆகும் என்று அரசாங்கம் தெரிவித்துள்ளது. அந்தக் கம்பத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்றைய மாணவர்களின் தலைமுறையே விடைகாண வேண்டியிருக்கும்.

எதைக் காப்பது?

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு 750 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. வீடு, பள்ளி, சாலை, தொழிற்சாலை, நீர்த்தேக்கம், விமான நிலையம் ஆகிய அனைத்தும் அந்த இடத்திற்குள் அமைய வேண்டும். எனவே, பழையதை எல்லாம் வைத்துக்கொள்ள இயலாது. மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் மறைந்தன. ஸ்டாம்ஃபோர்ட் சாலையில் 1960இல் திறக்கப்பட்ட செங்கல் நிறத் தேசிய நூலகக் கட்டடம், சுரங்கச் சாலை அமைப்பதற்காக 2005இல் இடிக்கப்பட்டது. அங்கே அமர்ந்து படித்த பலர் அதை இடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். இன்று அதன் இரண்டு வாயில்தூண்கள் மட்டும் நிற்கின்றன.

மறுபுறத்தில், காப்பாற்றப்பட்டவையும் பல. ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1973இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1989 ஜூலை 7ஆம் நாளன்று லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம், சைனாடவுன் உள்ளிட்ட பத்துப் பகுதிகள் பாதுகாக்கப்பட்ட பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. இன்று 7,200க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இத்திட்டத்தின்கீழ் உள்ளன. இயன்றவரை பழையதைத் தக்கவைப்பது, கவனத்துடன் மீட்டமைப்பது, பொறுப்புடன் பழுதுபார்ப்பது ஆகியவை இதன் அடிப்படைக் கொள்கைகள். கடைவீட்டின் உரிமையாளர் தம் விருப்பப்படி முகப்பை இடிக்கவோ மாடிகளை உயர்த்தவோ முடியாது.

சட்டத்தால் சுவரையும் கூரையையும் காக்க முடியும். ஆனால், ஐம்பது ஆண்டுகளாக மசாலா அரைத்தவர் ஓய்வுபெறும்போது, அந்தக் கடையைத் தொடர்ந்து நடத்த ஒருவர் முன்வர வேண்டும். வாடகை உயர்ந்தால் பூக்கடை இருந்த இடத்தில் வேறொரு கடை வரக்கூடும். முகப்பு மாறாமல் இருக்கும்போதே ஊர் மாறிவிடலாம். அழகாக வண்ணம் பூசப்பட்ட வெற்றுத் தெருவாக ஒரு வட்டாரம் மாறிவிட்டால், அது காப்பாற்றப்பட்டதாகுமா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

2015ஆம் ஆண்டில் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. முன்னோர் பயன்படுத்திய பொருள்களை அங்கே காணலாம். அவற்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், சில அடிகளுக்கு அப்பால் பூமாலை கட்டும் கைகளையும் காணலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளும் தெருவில் நடக்கும் தொழிலும் ஒன்றையொன்று விளக்குவதே அந்த இடத்தின் சிறப்பு.

ஒரு வட்டாரம் உயிரோடு இருப்பதற்கு அங்கே வேலையோடு வருபவர்கள் தேவை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் நண்பர்களைச் சந்திக்கவும், ஊர்ச்சாப்பாடு உண்ணவும், வீட்டுக்குப் பணம் அனுப்பவும் சிராங்கூன் சாலைக்கு வருகின்றனர். தீபாவளிக்கு முன் குடும்பங்கள் ஒளியூட்டைக் காணவும் புத்தாடை வாங்கவும் வருகின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் சூளையிலும் கொட்டிலிலும் வேலை செய்தவர்கள் எந்தத் தேவைகளுக்காக அந்தச் சாலையில் கூடினார்களோ, ஏறக்குறைய அதே தேவைகளுக்காகவே இன்றும் மக்கள் கூடுகின்றனர்.

பொங்கல் காலத்தில் லிட்டில் இந்தியாவுக்கு மாடுகள் கொண்டுவரப்படுகின்றன. அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைகள் அவற்றை அருகில் சென்று பார்க்கின்றனர். சிலர் தயங்கித் தயங்கித் தொட்டுப் பார்க்கின்றனர். சற்றுத் தொலைவில் பஃபலோ சாலை என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. மாட்டையும் பலகையையும் சேர்த்துப் பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பெயரின் காரணத்தைச் சொல்ல அருகில் ஒரு பெரியவர் இருந்தால், ஊரின் வரலாறு இன்னும் ஒரு தலைமுறைக்குத் தொடரும்.